மஞ்சள் கோட்டுக்கு மேலே ஒரு வெள்ளைக் கோடு

இடது கை டேப்பின் நுனியை மரத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தது. வலது கை மரத்தைச் சுற்றிப் போய், மறுபக்கமாகத் திரும்பி வந்து, நுனிக்கு மேலே டேப்பைக் குறுக்காகப் போட்டது. நடுவில் ஒரு கொடி சிக்கியது. கட்டைவிரல் டேப்பை விடவில்லை. சுண்டுவிரல் மட்டும் கொடியைக் கொக்கி போட்டு இழுத்து வெளியே தள்ளியது. டேப் எங்கும் முறுக்கிக்கொள்ளாமல் படுத்திருக்கிறதா என்று உள்ளங்கை ஒருமுறை தடவிப் பார்த்தது. அதற்குப் பிறகுதான் வாய் திறந்தது.

“ரெண்டாயிரத்து நூத்தி நாப்பத்தாறு. மருது. நூத்திப் பதினாலு.”

பத்தடி தள்ளி ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்த எழுத்துக்காரி மர எண், இனம், சுற்றளவு மூன்றையும் அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டு நோட்டில் எழுதினாள். திருப்பிச் சொல்லாமல் எதையும் எழுதக்கூடாது என்பது அவர்கள் இருவருக்கும் இடையே பதினோரு வருட ஒப்பந்தம். பிறகு அந்தக் கைகள் பிரஷை எடுத்து, டேப் இருந்த இடத்தில் மரத்தைச் சுற்றி ஒரு மஞ்சள் கோடு இழுத்தன. கோட்டுக்கு மேலே எண்ணை எழுதின. இருபத்திரண்டாவது நாள், கடைசி மரம்.

“முடிஞ்சுதாண்ணே?” என்றாள் எழுத்துக்காரி.

“முடிஞ்சுது. எந்திரி.”

“எந்திரிக்கத் தெம்பிருந்தா எப்பவோ எந்திரிச்சிருப்பேனே.”

சுற்றுச்சூழல் ஆய்வு எழுதும் அந்த ஆபீஸில் அவருக்குப் பட்டன் அண்ணன் என்று பெயர். அவரைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். மரத்தின் சுற்றளவைத் தரையிலிருந்து நூற்று முப்பத்தேழு சென்டிமீட்டர் உயரத்தில் எடுக்க வேண்டும் என்பது விதி. சரிவில் இருக்கும் மரமானால் மேட்டுப்பக்கம் நின்று எடுக்க வேண்டும். அந்த உயரத்தைக் காட்ட எல்லாரும் ஒரு கம்பு வைத்திருப்பார்கள். அவரும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வைத்திருந்தார். கம்பு முள்ளில் மாட்டும், ஜீப்பிலேயே மறந்துபோகும். ஒருநாள் வனக்காவலர் ஒருவர் பாம்பை அடிக்கிறேன் என்று கிளம்பி, பாம்பைத் தப்பவிட்டுக் கம்பை இரண்டாக உடைத்தார். அன்று வீட்டுக்கு வந்தவர் மனைவியிடம் சட்டையின் இரண்டாவது பட்டனைக் கொஞ்சம் இறக்கித் தைக்கச் சொன்னார். ஆள் ஆறடிக்கு ஒரு விரல்தான் குறைவு. அவர் நிமிர்ந்து நின்றால் அந்தப் பட்டன் தரையிலிருந்து சரியாக நூற்று முப்பத்தேழில் நிற்கும். மரத்தில் சாய்ந்து பட்டனைப் பட்டையில் முட்டவைத்து, அந்த இடத்தில் கட்டைவிரலை ஊன்றி, விலகி டேப்பைப் போடுவார். மற்றவர்கள் ஒரு மரம் அளக்கும் நேரத்தில் அவர் இரண்டு அளந்துவிடுவார். அளக்கும் வேலையை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பெயிண்ட் டப்பா தூக்க வந்தவர், அளப்பவர் வராத ஒருநாள் டேப்பைக் கையில் வாங்கினார். இருபத்தாறு வருடமாகத் திருப்பிக் கொடுக்கவில்லை.

இந்த முறை வேலை ஒரு உயர்மின் கம்பிப் பாதைக்கானது. அரசாங்கக் காட்டின் நடுவே ஆறு கிலோமீட்டர் நீளம், நாற்பத்தாறு மீட்டர் அகலம். பொதுக்காடு என்பதால், அனுமதி கொடுப்பதற்கு முன்னால் சுற்றுச்சூழல் ஆய்வறிக்கை தயாராக வேண்டும். ஓடைகளுக்கு ஒரு அத்தியாயம், பறவைகளுக்கு ஒன்று, சுற்றியிருக்கும் குடியிருப்புகளிலிருந்து வந்த கடிதங்களுக்கு ஒன்று, மரங்களுக்கு ஒன்று. மர அத்தியாயத்தின் பின்னிணைப்புதான் பட்டன் அண்ணனின் வேலை. பாதைக்குள் அறுபது சென்டிமீட்டர் சுற்றளவுக்கு மேல் உள்ள ஒவ்வொரு மரமும் அதில் ஒரு வரி.

அந்த வரிகளில் ஒரு சூட்சுமம் இருந்தது. சுற்றளவு நூற்றெண்பதைத் தொட்டால் அது பெருமரம். பாதைக்குள் பெருமரங்கள் முந்நூறைத் தாண்டினால், பாதையை மொட்டையடிக்கக் கூடாது. கோபுரங்களை உயர்த்திக் கம்பியை மரத்தலைகளுக்கு மேலே கொண்டுபோக வேண்டும். கோபுரங்களின் காலடியில் மட்டும் வெட்டலாம். முந்நூறைத் தாண்டாவிட்டால் ஆறு கிலோமீட்டரும் வெட்டவெளி. எழுத்துக்காரி அன்று மாலை ஜீப்பிலேயே கூட்டிப் பார்த்துவிட்டாள். முந்நூற்றேழு.

“தப்பிச்சுதுங்க,” என்றாள். மரங்களைத்தான் சொன்னாள். பட்டன் அண்ணன் ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். இருபத்தாறு வருடத்தில் அவர் அளந்த மரங்களில் பாதிக்கு மேல் இன்று இல்லை. தப்பிப்பது தப்பிக்காதது என்று பார்க்க ஆரம்பித்தால் டேப்பைப் பிடிக்க முடியாது என்று எப்போதோ ஒருமுறை சொல்லியிருக்கிறார். ஆனாலும் முந்நூற்றேழு என்று கேட்டபோது மூடிய கண்ணோடு தலையை ஒருமுறை ஆட்டினார்.

நான்கு நாள் கழித்துச் சரிபார்ப்புக்கு ஆள் வந்தது. மின் கம்பி நிறுவனத்தின் பொறியாளர், வன அலுவலகத்திலிருந்து இரண்டு பேர், அறிக்கை எழுதும் மேடம். நூற்றுக்கு ஐந்து வீதம் நூற்றேழு மரங்களைத் திரும்ப அளந்தார்கள். ஒன்றுகூடப் பிசகவில்லை. பொறியாளர் பட்டன் அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கி, இவ்வளவு சுத்தமான கணக்கைத் தான் பார்த்ததில்லை என்றார். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். மேடம் அன்று மட்டும் இரண்டு தடவை சிரித்தார். அவர் சிரிப்பது ஆபீஸில் பேசிக்கொள்ளும் அளவுக்கு அபூர்வம்.

பட்டன் அண்ணனின் மனைவி தையல்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. மெஷின், வெட்டும் மேஜை, சுவரில் கொக்கிகளில் தொங்கும் அரைகுறை உடுப்புகள். அறையின் ஒரே நாற்காலி வாடிக்கையாளருக்கு, அதனால் வீட்டுக்காரருக்கு எப்போதும் கதவோரம்தான். முள் கிழித்த சட்டைகளைப் பார்த்துவிட்டு இனி ஒட்டுப்போட இடமில்லை என்று சொல்லி, மனைவி புதிதாக இரண்டு தைக்க உட்கார்ந்தாள். அவர் அளவுக்கு அட்டையில் வெட்டிய மாதிரி ஒன்று பல வருடமாக இருந்தது. அதை வைத்தே வெட்டி, கைகளை இணைக்காமல் தற்காலிகமாக ஓட்டுத்தையல் போட்டு, போட்டுப் பார்க்கச் சொன்னாள். அவர் போட்டுக்கொண்டு நின்றார். அவள் வாயில் குண்டூசிகளோடு அவரைச் சுற்றி வந்தாள். ஊசிகளை எடுத்துவிட்டு மறுபடி ஒரு சுற்று வந்தாள்.

“நேரா நில்லுங்க.”

“நேராத்தான் நிக்கிறேன்.”

“இதுவா நேரா நிக்கிறது?”

“ஏன், இப்ப என்ன?”

“முன்பக்கம் இறங்கியிருக்கு, பின்பக்கம் ஏறியிருக்கு. மெஷின்ல உக்கார்ந்து உக்கார்ந்து எனக்குத்தான் கூன் விழும்னு நெனச்சேன். நீங்க முந்திக்கிட்டீங்க.” அவள் அவருடைய முதுகில் கையை வைத்துத் தோள்களுக்கு நடுவே தடவிப் பார்த்தாள். துணியைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள். “முன்னாடி ரெண்டு விரல் எடுத்துட்டு, பின்னாடி ஒரு விரல் விடணும். பழைய அட்டை இனி உதவாது. பட்டனையும் மாத்தித்தான் வைக்கணும்.”

கடைசி வாக்கியம் அவரை உறுத்தியது. கடைக் கதவின் நிலையில், நூற்று முப்பத்தேழில், சின்னதாக ஒரு ஆணி அடித்திருந்தது. புதுச் சட்டைக்குப் பட்டன் வைக்கும்போது அவரை அங்கே நிறுத்திப் பார்ப்பது வழக்கம். அட்டை மாதிரி வந்த பிறகு அந்த வழக்கம் விட்டுப்போனது. ஆறு வருடமா, ஏழா? அவர் காட்டில் போடும் பூட்ஸைப் போய் மாட்டிக்கொண்டு வந்தார். தினம் காட்டுக்குப் போட்டுப் போன பழைய சட்டையையும் மாற்றிக்கொண்டார். நிலையோடு ஒட்டி நின்றார்.

மனைவி ஆணியையும் பட்டனையும் பார்த்தாள். பட்டனுக்கு மேலே தன் விரல்களை அடுக்கினாள். மூன்று விரல் போய், ஆணியைத் தொட இன்னும் கொஞ்சம் இருந்தது.

“வயசாச்சு, அவ்வளவுதான்,” என்றாள். சமாதானமாகச் சொன்னது. அவர் பூட்ஸைக் கழற்றாமலே கதவோரம் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை வேலை எதுவும் இல்லாத நாள். அவர் பஸ் ஏறிக் காட்டுக்குப் போனார். பாதையின் தொடக்கத்தில் இருந்த முதல் மரத்தில் டேப்பைத் தரையிலிருந்து மஞ்சள் கோடு வரைக்கும் நிமிர்த்திப் பிடித்தார். நூற்று முப்பத்திரண்டு. அடுத்ததில் நூற்று முப்பத்தொன்றரை. அதற்கடுத்து முப்பத்திரண்டு. பத்து மரம் பார்த்தார். பத்திலும் ஒரே பிழை, ஒரே அளவுக்கு, ஒழுங்காக. மரம் கீழே போகப் போகப் பருக்கும். ஐந்து சென்டிமீட்டர் தாழ்த்தி எடுத்தால் சுற்றளவில் ஒரு மரத்துக்கு அரை சென்டி கூடும், இன்னொன்றுக்கு இரண்டு, வேர்ப்பக்கம் விரிந்த மரமானால் மூன்றுகூட.

அப்படியானால் சரிபார்ப்பு எப்படிச் சரியாக வந்தது என்று யோசித்தார். கம்பை மறந்துவிட்டு வந்த வன அலுவலகத்து ஆளிடம், ‘சார், கோடு போட்டிருக்கே, அது மேலயே டேப்பை வைங்க’ என்று அவரேதான் சொல்லியிருந்தார். நூற்றேழு மரத்திலும் அவருடைய தவறின் மேலேயே டேப்பை வைத்து, அவருடைய தவறைச் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

அன்று முழுவதும் அவர் காட்டுக்குள்ளேயே இருந்தார். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஓடைக்கரையில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பாதி சாப்பிட்டு மூடினார். முந்நூற்றேழில் எத்தனை நூற்றெண்பதுக்கும் நூற்றெண்பத்து மூன்றுக்கும் இடையே இருக்கும் என்று மனக்கணக்குப் போட்டார். இருபதுக்குக் குறையாது. ஏழு போனாலே முந்நூறைத் தாண்டாது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால் நல்லது நடக்கப்போவதும் இல்லை. முழங்கால் வேறு இருபத்திரண்டு நாள் மேடு பள்ளம் ஏறியதில் வீங்கியிருந்தது. எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கே எல்லாக் காரணங்களும் இருந்தன. சாயங்காலம் கடைசி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்து, மனைவி கேட்டதற்கெல்லாம் ‘ம்’ போட்டுவிட்டுப் படுத்தார்.

விடிந்ததும் ஆபீஸுக்குப் போய் மேடம் முன்னால் நின்றார்.

மேடத்தின் அறையில் கோப்புகள் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தன. மனிதர்கள்தான் நிற்க வேண்டும். மேடம் ஐந்து பேர் வேலையை மூன்று வருடமாகத் தனியாகச் செய்பவர். பட்டன் அண்ணன் சொல்லி முடிக்கும்வரை பேனாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்:

“சரிபார்ப்பு முடிஞ்சுபோச்சு. எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. நீங்க எங்கிட்ட இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாமே?”

“சொல்லாம இருக்கறதுக்குத்தாம்மா நேத்து முழுக்கப் பாடுபட்டேன்.”

மேடம் சிரிக்கவில்லை. மர அத்தியாயத்தை எழுதி முடித்தாகிவிட்டது என்றார். ‘கோபுரங்கள் உயர்த்தப்பட வேண்டும்’ என்ற வரியை எழுத எத்தனை வருடம் காத்திருந்தேன் தெரியுமா என்று கேட்க வந்தவர், கேட்காமல் விட்டது போல ஒரு மூச்சு விட்டார். அறிக்கை கொடுக்க வேண்டிய நாளுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. ஜீப் கிடையாது, அது பறவைகளைக் கணக்கெடுப்பவர்களிடம் போய்விட்டது. எழுத்துக்காரியைக் கேட்டுப் பார்க்கலாம், வந்தால் உண்டு.

பட்டன் அண்ணன் போகாமல் நின்றார்.

“இன்னும் என்ன?”

“இது இந்த வேலையோட நிக்காதும்மா. ஏரிக்கரை ரோட்டுக்கு அளந்தது, கல்குவாரிக்கு அளந்தது… அப்பவும் இதே முதுகுதான்.”

மேடம் பேனாவை மூடினார். “ஏரிக்கரையில ரோடு போட்டு மூணு வருஷம் ஆச்சு. அங்க மரமே இல்ல. இப்பப் போய் எதை அளப்பீங்க?”

பட்டன் அண்ணன் தலையைக் குனிந்தபடி வெளியே வந்தார்.

எழுத்துக்காரிக்கு ஒரு கடைக்குச் சரக்குக் கணக்கெழுதும் வேலை வாய்த்திருந்தது. அடுத்த வாரம் போக வேண்டும். விஷயத்தைக் கேட்டதும் முதலில் நம்பவில்லை. பிறகு, இதற்கு எதற்குக் காட்டுக்குப் போக வேண்டும், எல்லா மரத்திலும் ஒரு சென்டியைக் கழித்துவிட்டால் போயிற்று, உட்கார்ந்த இடத்தில் ஒரு நாள் வேலை என்றாள். அப்படி எல்லாவற்றுக்கும் ஒரே போடாகப் போட முடியாது என்று அவர் விளக்கினார். நேராக வளர்ந்த மரத்துக்கு ஒரு சென்டி அதிகம், அடி பெருத்ததற்கு ஒரு சென்டி போதாது. அது இன்னொரு தவறு ஆகும். சரி, நூற்றெண்பதை ஒட்டியிருக்கும் நாற்பது ஐம்பது மரத்தை மட்டும் பார்ப்போம் என்றாள். அதற்கும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அட்டவணையில் ஒவ்வொரு வரிக்கும் அவர்தான் பொறுப்பு. ஐம்பது வரி ஒரு உயரத்திலும் மற்றதெல்லாம் வேறு உயரத்திலும் இருந்தால் அதற்குப் பெயர் அட்டவணை இல்லை.

“அண்ணே, உங்களைக் கட்டிக்கிட்ட அண்ணியைக் கும்பிடணும்,” என்றாள். கடைக்காரரிடம் ஒரு வாரம் தவணை கேட்டுவிட்டு, மறுநாள் காலை ஆறரைக்கு பஸ் ஸ்டாப்பில் நோட்டோடு நின்றாள்.

இந்த முறை ஒரு குழாய் இருந்தது. மின்கம்பி போக வீட்டுச் சுவரில் பதிப்பார்களே, அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய். நூற்று முப்பத்தேழில் அறுத்து, தரையில் ஊன்றும் முனைக்குத் துணி சுற்றியிருந்தார். மரத்தடியில் சருகைத் தள்ளி மண்ணைத் தொடவைத்து, குழாயை நிமிர்த்தி, மேல் முனையில் விரலை வைத்து, பிறகுதான் டேப். மஞ்சள் கோட்டுக்கு மேலே வெள்ளை பெயிண்டில் ஒரு கோடு. ஐந்து சென்டி இடைவெளியில் இரண்டு கோடுகளோடு மரங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் நின்றன. அளப்பதில் பழைய வேகம் இல்லை; ஆனால் மரங்களைத் தேடிப் புதரை விலக்குவதும் எண் எழுதுவதும் முதல் முறையே முடிந்திருந்தன. ஒரு நாளைக்கு இருநூற்று நாற்பது முடித்தால்தான் ஒன்பது நாளில் ஆகும். முதல் நாள் நூற்றெழுபதோடு இருட்டிவிட்டது. இரண்டாம் நாள் சாப்பாட்டு நேரத்தைப் பாதியாக்கினார்கள். மூன்றாம் நாள் பேச்சைக் குறைத்தார்கள். எழுத்துக்காரிக்கு அதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது.

மேட்டில் ஏறும்போது அவர் முழங்காலில் கையை ஊன்றி ஏறினார். இறங்கும்போது பக்கவாட்டில் இறங்கினார். டேப்பைப் பின்பக்கம் கொண்டுபோகும்போது தோள்பட்டையில் ஒரு இடம் சுள்ளென்று பிடித்தது. அந்த இடம்தான் வளைந்த இடம் என்று இப்போது தெரிந்ததால் வலி கூடியது போல இருந்தது. இரவு மனைவி ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, இருபத்தாறு வருடம் மரத்தை அளந்தவர் ஒருநாளாவது தன்னை அளந்து பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் அவர் தூங்கியிருந்தார்.

ஐந்தாம் நாள் நடுப்பாதையில் பெருமரங்கள் கூட்டமாக இருக்கும் இடம் வந்தது. ஆயிரத்து நூற்றெட்டு, வேங்கை. முன்பு நூற்றெண்பது இருந்தது. குழாயை ஊன்றி டேப்பைப் போட்டார். டேப்பை எடுத்துவிட்டு மறுபடி போட்டார்.

“நூத்தி எழுபத்தெட்டரை.”

எழுத்துக்காரி திருப்பிச் சொல்லவில்லை.

“சொல்லும்மா. நூத்தி எழுபத்தெட்டரை.”

“தெரியுது. காது நல்லாத்தான் கேக்குது.” அவள் பேனாவை நோட்டின் மேல் வைத்துவிட்டாள். “காலையிலிருந்து இது நாலாவது. மொத்தம் ஒன்பது போச்சு. முந்நூறுக்குக் கீழ வந்தாச்சு. கோடாலிக்காரன்கூடக் கூலி வாங்கிட்டுத்தான் வெட்டுவான். நீங்க சும்மாவே வெட்டிட்டு வர்றீங்கண்ணே.”

அவர் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மஞ்சள் கோட்டுக்கு மேல் டேப்பின் தடம் பட்டையில் லேசாகப் பதிந்திருந்தது. மேலே இலைகளுக்குள் ஏதோ ஒன்று கொறித்து, துகள் கீழே உதிர்ந்துகொண்டிருந்தது. அவருக்கு இந்த மரத்துக்காக ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் அதன் சுற்றளவுதான்.

“நான் நூத்தி எண்பதுன்னு சொன்னா இது பெருசாயிடுமா?” என்றார் கடைசியில்.

“பெருசாகாது. நிக்கும்.”

அவள் மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, “ஆயிரத்து நூத்தி எட்டு, வேங்கை, நூத்தி எழுபத்தெட்டரை,” என்று திருப்பிச் சொல்லி எழுதினாள். அவர் வெள்ளைக் கோட்டை இழுத்தார்.

ஏழாம் நாள் ஒரு அதிசயம் நடந்தது. ஒரு நாவல் மரம் முன்பு நூற்று எழுபத்தொன்பது. மேலே கிளை பிரியத் தொடங்கும் இடத்தில் உடம்பு பருத்திருந்ததால் இப்போது நூற்றெண்பத்தொன்று வந்தது. எழுத்துக்காரி எழுந்து வந்து தானே டேப்பைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு அந்த மரத்தைத் தட்டிக்கொடுத்து, உன்னைப் போல இன்னும் ஒன்பது பேர் வேண்டும், எங்கேயாவது இருந்தால் கூட்டிக்கொண்டு வா என்றாள். பட்டன் அண்ணன் அன்றுதான் சிரித்தார். அதற்கப்புறம் எந்த மரமும் அப்படி வரவில்லை.

ஒன்பதாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. ஈரப்பட்டையில் பெயிண்ட் ஒட்டவில்லை. அறுபது மரம் பாக்கி நின்றது. பத்தாம் நாள் காலை போய், ஒவ்வொரு மரத்தையும் துணியால் துடைத்து, மதியத்துக்குள் முடித்தார்கள். வீட்டு முன்னறையின் வெட்டும் மேஜையில், மனைவி துணியை ஒதுக்கிக் கொடுத்த இடத்தில், எழுத்துக்காரி ஒன்றரை நாள் உட்கார்ந்து நல்ல பிரதி எழுதினாள். பழைய சுற்றளவு ஒரு பத்தி, புதுச் சுற்றளவு ஒரு பத்தி. அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாக வாசித்துச் சரிபார்த்தார். பெருமரங்களில் பதினேழு போய், ஒன்று வந்திருந்தது. இருநூற்றுத் தொண்ணூற்றொன்று. முன்னால் ஒரு தாள் வைக்க வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல அவளே எழுதினாள்: தவறு எப்படி வந்தது, எத்தனை சென்டி, சரிபார்ப்பில் ஏன் தெரியவில்லை, இன்னும் எந்தெந்த வேலைகளில் இதே தவறு இருக்கக்கூடும். ஏரிக்கரை ரோடும் கல்குவாரியும் அந்தத் தாளில் இருந்தன. இதைப் படித்த பிறகு உங்களை யார் அண்ணே வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்று அவள் கேட்டாள். தெரியாது என்றார்.

கடைசி நாள் மேடத்தின் அறையில் அறிக்கையின் மற்ற அத்தியாயங்கள் எல்லாம் வந்து மேஜையில் அடுக்கியிருந்தன. மேடம் இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. தாள்கட்டை வாங்கி நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். எண்ணைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்திலேயே விரலை வைத்திருந்தார்.

“‘வேண்டும்’னு எழுதியிருந்தேன்,” என்றார். “இனி ‘பரிந்துரைக்கிறோம்’னு எழுதணும். பரிந்துரைய யாரும் நிறுத்திப் படிக்கிறதில்ல.” பேனாவை எடுத்து ஒரு தாளில் ஏதோ குறித்தார். “பறவைக்காரங்க ரெண்டு கூடு கண்டுபிடிச்சிருக்காங்க. அதை வச்சுக் கேட்டுப் பாக்கறேன். கிடைக்கும்னு சொல்ல முடியாது.”

பட்டன் அண்ணன் தலையை ஆட்டினார்.

மேடம் முதல் தாளைப் படித்தார். ஏரிக்கரை ரோடு வந்த இடத்தில் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். மீண்டும் குனிந்தார். “இதுல ‘அளவெடுப்பவரின் முதுகு வளைந்திருந்ததால்’னு போட்டிருக்கீங்க. இப்படியெல்லாம் அறிக்கையில எழுத மாட்டாங்க. ‘கருவிப் பிழை’ன்னு மாத்திடட்டுமா? உங்களுக்கும் நல்லது.”

“மாத்துங்கம்மா. ஆனா கருவி யாருன்னு பக்கத்துல எழுதிடுங்க.”

மேடம் மாற்றவில்லை. அந்தத் தாளை அப்படியே வைத்துவிட்டார். எல்லாப் பக்கத்திலும் அளந்தவர் கையெழுத்து வேண்டும் என்று சொல்லி, நாற்காலியிலிருந்த கோப்புகளைத் தானே எழுந்து தரையில் இறக்கி வைத்தார். பட்டன் அண்ணன் உட்கார்ந்தார். தொண்ணூறு பக்கம். ஒவ்வொன்றிலும் ஓரத்தில், ஒரே அளவில், அவசரமில்லாமல் கையெழுத்துப் போட்டார். நடுவில் ஒருமுறை பேனா நின்றது. மேடம் தன்னுடையதைக் கொடுத்தார். முடித்துவிட்டு, ஓரங்களைத் தட்டிச் சமன்படுத்தி, இரண்டு கையாலும் தாள்கட்டை மேஜைக்கு அந்தப் பக்கம் நீட்டினார். மேடம் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார்.